திறன் தேயும் காலத்தில்

ஒரு காலத்தில் உச்சியில் நின்ற ஒருவரின் திறன் தேயத் தொடங்கும்போது, அவரைச் சுற்றி நிற்போர் நாவில் ஒரே வினா எழுகிறது: இனி இவருக்கு எதிர்காலம் உண்டா? கேட்பதற்கு எளிய வினா இது. கேட்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. ஆயினும் இவ்வினாவுக்குள் வேறொரு வினா மறைந்து கிடக்கிறது. இதுநாள்வரை இவரிடம் நாம் எதை மதித்தோம்? இவரையா, இவர் நமக்குக் காட்டிய வெற்றியையா? முதல் வினாவுக்கு விடை தேடும் அவசரத்தில் இரண்டாம் வினாவைத் தொடாமலே விட்டுவிடுகிறோம். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்க, நமக்குத் தொலைவான ஒரு கலையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொள்வோம்.

ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் பனிச்சறுக்கு நடனத்தைத் தொலைக்காட்சியில் நம்மில் பலர் கண்டிருப்போம். உறைந்த தளத்தின்மீது, காலணியில் பொருத்திய எஃகுத் தகட்டின் துணையால் வழுக்கிச் சென்று, இசைக்கேற்பச் சுழன்றும் தாவியும் ஆடும் ஆட்டம் அது. அத்தகட்டின் தடிமன் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். அதிலும் இரு விளிம்புகள் உண்டு. ஆடுபவரின் முழு எடையையும் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றே தாங்குகிறது. தனிநபர் போட்டி இரு பகுதிகளாக நடைபெறும். முதலில் குறுநடனம், பின்னர் நெடுநடனம். இரண்டையும் கூட்டினாலும் ஏறத்தாழ ஏழு நிமிடங்களே. பத்து, பதினைந்து ஆண்டு உழைப்பு அந்த ஏழு நிமிடங்களில் எடைபோடப்படுகிறது.

இக்கலையில் தேய்வு ஏன் இத்துணை விரைவாகவும் கொடிதாகவும் வருகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம் காற்றில் இருந்து, அதற்குள் மும்முறை சுழன்று, ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்க வேண்டும். கால் சுற்றுக் குறைந்தாலும் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பர். சிறுமியின் உடல் வளர்ந்து பெண்ணின் உடலாகும்போது, எடையும் உயரமும் சற்றே மாறினாலும் தாவலின் கணக்கு முழுவதும் பிழைபட்டுவிடும். இதனால் பலர் தம் பதினைந்து, பதினாறு வயதிலேயே உச்சத்தைத் தொட்டு, மற்றவர் வாழ்வைத் தொடங்கும் வயதில் 'முடிந்துபோனவர்' என்று பெயர் பெற்றுவிடுகின்றனர்.

வளர்பிறை

ஜப்பானின் நகோயா நகரில் 1990 செப்டம்பர் 25-ஆம் நாள் பிறந்தவர் மாவோ அசாடா. பதினைந்து வயதிலேயே, 2005 டிசம்பரில், உலகின் தலைசிறந்தோர் மட்டும் கூடும் கிராண்ட் ப்ரீ இறுதிப் போட்டியை வென்றார். ஆனால் இரண்டு மாதங்களில் நடக்கவிருந்த டூரின் ஒலிம்பிக்கில் அவர் கலந்துகொள்ள இயலவில்லை. 2005 ஜூலை 1-ஆம் நாளுக்குள் பதினைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு மூன்று மாதத்திற்கும் குறைவாகவே வயது போதவில்லை. 2008-இல் உலகப் பட்டம் பெற்றார். 2010-இல் வான்கூவர் ஒலிம்பிக்கில், பெண்கள் மிக அரிதாகவே முயலும் டிரிபிள் ஆக்செல் என்னும் தாவலை ஒரே போட்டியில் மூன்று முறை நிகழ்த்தினார். அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத செயல் அது. முன்னோக்கிப் பாய்ந்து மூன்றரைச் சுற்றுச் சுழலும் அத்தாவல் அவருடைய பெயரோடு ஒன்றிவிட்டது. எனினும் அன்று தங்கம் தென்கொரியாவின் கிம் யுனாவுக்குச் சென்றது. மாவோவுக்கு வெள்ளி கிடைத்தது. அடுத்த மாதமே இரண்டாம் முறையாக உலகப் பட்டம் வென்றார்.

அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. உள்ளதைக் காத்துக்கொண்டிருந்தாலே போதும் என்று எவரும் சொல்லியிருப்பர். அவர் அப்படிச் செய்யவில்லை. தம் தாவல்களின் அடித்தளத்தில் குறை இருப்பதை உணர்ந்து, நோபுவோ சாட்டோ என்னும் மூத்த பயிற்சியாளரிடம் சென்று, அடிப்படையிலிருந்து மீண்டும் கற்கத் தொடங்கினார். பழக்கத்தில் ஊறிய ஒன்றை மறந்து புதிதாகப் பழகுவது எத்துணைக் கடினம் என்பதைத் தொழில் அறிந்த எவரும் அறிவர். புதியது கைக்கு வருமுன் பழையது கையை விட்டுப் போய்விடும். அந்த இடைவெளியில் நிற்பவரை உலகம் 'தோற்றவர்' என்றே அழைக்கும். 2010 இலையுதிர் காலத்தில் தம் தாய்நாட்டில் நடந்த போட்டியில் அவர் எட்டாம் இடத்துக்குச் சரிந்தார். 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் போட்டியில் ஆறாம் இடமே கிடைத்தது.

இதனிடையே 2011 டிசம்பரில் மற்றொரு துயரம் நேர்ந்தது. கனடாவின் கியூபெக் நகரில் போட்டிக்காகக் காத்திருந்தபோது தாயின் நிலை மோசமானது என்ற செய்தி வந்தது. போட்டியைக் கைவிட்டு விரைந்து திரும்பினார். அவர் வந்து சேருமுன் தாய் உயிர் நீத்தார். அம்மாதத்திலேயே தேசியப் போட்டியில் ஆடி வென்றார். அவ்வெற்றியில் எவ்வளவு துணிவு, எவ்வளவு துயர் என்று பிரித்துக் கூறும் அளவுகோல் எந்த நடுவரிடமும் இல்லை.

ஓர் இரவு

2014 பிப்ரவரி 19. சோச்சி ஒலிம்பிக்கின் குறுநடனம். தமக்கே உரிய அந்தத் தாவலில் மாவோ விழுந்தார்; அடுத்தடுத்த தாவல்களும் பிசகின. 55.51 மதிப்பெண்களுடன் பதினாறாம் இடம். முதலிடத்தில் இருந்தவரோ 74.92 பெற்றிருந்தார். பத்தொன்பது புள்ளிக்கும் மேலான இடைவெளியை ஒரே நாளில் கடந்து பதக்கம் பெறுவது கணக்கின்படி ஏறத்தாழ இயலாதது. என்ன நேர்ந்தது என்பது தமக்கே விளங்கவில்லை என்று அவர் தளர்ந்த குரலில் கூறினார். மறுநாள் ஜப்பானின் முன்னாள் பிரதமரும் டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் அன்றைய தலைவருமான யோஷிரோ மோரி, முக்கியமான நேரங்களில் இப்பெண் விழுந்துவிடுகிறார் என்ற பொருளில் ஒரு கூட்டத்தில் பேசினார்.

அவ்விரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட இரவே நம் சிந்தனைக்கு உரிய இடம். பதக்கம் போய்விட்டது. நான்கு ஆண்டு உழைப்பின் நோக்கம் கைநழுவிவிட்டது. காயம் என்று சொல்லி விலகலாம். எவரும் குறை கூறார். அல்லது கடினமான தாவல்களை நீக்கி, விழாமல் ஆடி, மரியாதையோடு வெளியேறலாம். பரிசு இல்லாத இடத்தில் முழு உழைப்பையும் கொட்டுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

20-ஆம் நாள், முன்னணியினர் ஆடுவதற்கு வெகு முன்னரே அவருடைய முறை வந்தது. ரக்மனினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ ஒலிக்க, முந்தைய இரவு தம்மை வீழ்த்திய அதே தாவலோடு தொடங்கினார். இம்முறை நிலைத்து இறங்கினார். மும்முறைச் சுழலும் தாவல்கள் எட்டையும் முயன்றார். இசை நின்றபோது முகத்தை மேலே உயர்த்தி அழுதார். 142.71 மதிப்பெண்கள், அதுவரை நெடுநடனத்தில் அவர் பெற்றவற்றுள் அதுவே மிக உயர்ந்தது. அன்றைய நெடுநடனத்தில் மூன்றாம் இடம். மொத்தத்தில் ஆறாம் இடம். பதக்கம் இல்லை. ஆயினும் அப்போட்டியைக் கண்ட பலர் இன்றும் முதலில் நினைவுகூர்வது அந்த ஆறாம் இடத்தையே.

மோரியின் பேச்சைப் பற்றிச் சில நாள்களுக்குப் பின் செய்தியாளர்கள் வினவியபோது, மனிதருக்குத் தவறு நேர்வது இயல்பு என்றும், அவ்வாறு பேசியதற்காக அவர் இப்போது சற்று வருந்துவார் என்று தாம் எண்ணுவதாகவும் மாவோ கூறினார். சினமும் இல்லை, தன்னிரக்கமும் இல்லை. தம்மை இகழ்ந்தவருக்கும் ஒரு மனச்சான்று உண்டு என்று நம்பியவரின் பேச்சு அது.

மறக்கப்பட்ட மறுபாதி

இங்கே நிறுத்திக்கொண்டால் நமக்கு இனிய கதை ஒன்று கிடைத்துவிடும். விழுந்தவர் எழுந்தார், அடுத்த மாதம் சைதாமா நகரில் மூன்றாம் முறையாக உலகப் பட்டமும் வென்றார், ஆகவே தளராதிருங்கள், வெற்றி நிச்சயம் என்று முடித்துவிடலாம். மேடைகளில் அவ்வாறே முடிக்கின்றனர். ஆனால் வாழ்க்கை அங்கே நிற்கவில்லை.

தொடர்ந்து ஆடுவீரா என்ற வினாவுக்கு, சோச்சிக்குப் பின் அவர் தந்த விடை 'பாதிக்குப் பாதி' என்பதே. ஓராண்டு ஓய்வெடுத்தார். 2015-இல் திரும்பி வந்து, நவம்பரில் சீனாவில் நடந்த போட்டியை வென்றார். 2018 ஒலிம்பிக்கே இலக்கு என்றும் அறிவித்தார். அதன்பின் தேய்வு தொடங்கியது. 2016 உலகப் போட்டியில் ஏழாம் இடம். அவ்வாண்டின் பிற்பகுதியில் இடது முழங்கால் வலியோடு ஆடிய இரு பன்னாட்டுப் போட்டிகளில் ஆறாம் இடமும் ஒன்பதாம் இடமும் கிடைத்தன. டிசம்பரில் தேசியப் போட்டி. அப்பட்டத்தை ஆறு முறை வென்றிருந்தவர், டிரிபிள் ஆக்செலை விடாது முயன்று மீண்டும் விழுந்து, பன்னிரண்டாம் இடம் பெற்றார். 2017 ஏப்ரல் 10-ஆம் நாள், இருபத்தாறாம் வயதில், போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார். தம்மைத் தாங்கி நின்ற இலக்கு அந்தத் தேசியப் போட்டியோடு மறைந்துவிட்டது என்று எளிய சொற்களில் எழுதினார்.

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது. 2014-இல் அவர் திரும்பி எழுந்ததைப் புகழ்கிறோம். 2016-இல் அவர் முயன்றதை எப்படி மதிப்பிடுகிறோம்? இரண்டும் ஒரே செயல், ஒரே துணிவு, ஒரே தாவல். அதிகாலைப் பயிற்சியும் குளிர்ந்த தளமும் விழும்போது படும் அடியும் இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டது விளைவு மட்டும். முன்னதை 'விடாமுயற்சி' என்றும் பின்னதை 'வீண் பிடிவாதம்' என்றும் நாம் பெயரிடுவோமானால், முயற்சியை நாம் ஒருபோதும் போற்றவில்லை. வெற்றியைப் போற்றிவிட்டு, அதற்கு முயற்சி என்னும் அழகிய பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். விளைவைப் பாராமல் முயற்சியை மட்டும் மதித்தால், இயலாத ஒன்றில் வாழ்வை வீணாக்குவதையும் புகழ வேண்டிவராதா? முதிர்ந்தவர் ஒதுங்கினால்தானே இளையவருக்கு இடம் கிடைக்கும்? நியாயமான கேள்வி. தொடர்வது எப்போதும் அறம் என்று நாம் கூறவில்லை; விலகுவது எப்போதும் தோல்வி என்றும் கூறவில்லை. எப்பக்கம் செல்வது என்பதை வெளியிலிருந்து எவரும் விதியாக வகுக்க முடியாது என்பதே நம் கருத்து. இதனை வேறு இருவரின் வாழ்வு நன்கு காட்டும்.

இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னர், மாவோ வெள்ளி வென்ற அதே வான்கூவரில், நெடுநடனத்தில் பலமுறை விழுந்து பதினாறாம் இடம் பெற்றார். அவருடைய காலம் முடிந்தது என்று கருதியோர் பலர். முழங்கால் காயத்தால் கடினமான சில தாவல்களை ஒதுக்கிவைத்து, நடனத்தின் நயத்தையே ஆழப்படுத்தினார். 2012-இல் உலகப் பட்டம் அவரைத் தேடி வந்தது. சோச்சியில், மாவோ விழுந்த அதே குறுநடன இரவில், ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'வுக்கு அவர் ஆடிய ஆட்டத்தில் அரங்கமே அமைதியில் ஆழ்ந்தது. தம் இருபத்தேழாம் வயதில் வெண்கலம் பெற்றார். நான்கு ஆண்டு இடைவெளியில் பதினாறாம் இடம் என்னும் அடையாளம் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் சென்றது. எண் நிலைத்திருந்தது, மனிதர் மாறினர். ஓர் எண்ணைக் கொண்டு ஒருவரின் எதிர்காலத்தை அறுதியிடுவது எத்துணை அவசரம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவின் அலிசா லியு எதிர்ப்பாதையில் சென்றார். சிறுவயது முதலே இத்தளத்திலேயே வளர்ந்த அவர், 2022-இல் உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற கையோடு, பதினாறு வயதில் விலகிவிட்டார். கல்லூரி, நண்பர், குடும்பம் என்று வேறு வாழ்வு வாழ்ந்தார். பின் தாமாகவே விரும்பித் திரும்பி வந்து, 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலகப் பட்டம் வென்றார். விடாது பற்றியிருந்தால் அவர் அதைப் பெற்றிருப்பார் என்று சொல்ல முடியாது. விட்டுவிடும் உரிமை தமக்கு உண்டு என்று கண்டபின்பே அவர் விரும்பி ஆடினார்.

மனச்சான்றின் மன்றம்

ஆகவே, தொடர்வதா விலகுவதா என்பது மனச்சான்றின் முன் தீர்க்கப்பட வேண்டிய வழக்கு. அம்மன்றத்தில் கேட்கப்படும் கேள்விகள் விளையாட்டுப் பக்கங்களில் கேட்கப்படுபவை அல்ல. என் உடல் இன்று சொல்லும் உண்மையைக் கேட்கிறேனா? இச்செயலை நான் இன்னும் நேசிக்கிறேனா, அல்லது இது தந்த புகழை இழக்க அஞ்சுகிறேனா? பரிசே இல்லை என்று இன்றே தெரிந்துவிட்டால் நாளைக் காலை எழுந்து பயிற்சிக்குச் செல்வேனா? சோச்சியின் இரண்டாம் நாளில் மாவோ இக்கடைசி வினாவுக்குத் தம் ஆட்டத்தாலேயே 'ஆம்' என்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே நேர்மையோடு 'இல்லை' என்றார். இரண்டாம் விடைக்கே கூடுதல் துணிவு தேவைப்பட்டிருக்கும். 2018 என்று உலகறியச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது சொல் தவறாத பண்புடையவருக்கு எளிதன்று. ஆனால் இலக்கு என்பது நம்மை நடத்திச் செல்லும் விளக்கு. விளக்கு அணைந்தபின்னும் அது எரிவதாக நடிப்பது உண்மைக்கு மாறானது.

தோற்றவரிடம் "வெற்றி முக்கியமல்ல, நீங்கள் கலந்துகொண்டதே பெருமை" என்று ஆறுதல் கூறுவதும் நம் வழக்கம். நன்மனத்தோடு கூறினாலும் இது உண்மையைச் சிறுமைப்படுத்துகிறது. அவருக்கு வெற்றி முக்கியமே. அதற்காகவே அவர் தம் இளமையைக் கொடுத்தார். அதை அற்பமென்று சொல்வது அவருடைய இழப்பையே மறுப்பதாகும். மனித மாண்பு மதிப்பெண்ணில் அடங்காது என்ற உண்மையை, மதிப்பெண் வலிக்கவே இல்லை என்பதுபோல் பேசி நிலைநாட்ட முடியாது. வலியை வலியாகவே ஏற்று, அருகில் நிற்பதே ஆறுதல்.

சுற்றி நிற்போரின் கடமையும் சிறிதல்ல. இளம் உடல்களின் குறுகிய உச்சத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, தேய்ந்ததும் கைவிடும் போக்கு இத்துறையில் நெடுங்காலம் நிலவியது. பன்னாட்டு ஸ்கேட்டிங் ஒன்றியம் 2022-இல் கூடியபோது, மூத்தோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்த முடிவுசெய்தது. சிறுமியரின் உடலும் உள்ளமும் காக்கப்பட வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். நல்ல விதி. ஆயினும், விழுந்தவரை நாம் எந்தக் கண்ணோடு பார்க்கிறோம் என்பதை எந்த ஒன்றியமும் விதியால் மாற்ற இயலாது. அதை மாற்ற வேண்டியவர்கள் பார்வையாளர்களாகிய நாமே. தேர்வில் முதலிடம் பெற்றுவந்த பிள்ளை ஓராண்டு பின்தங்கும்போதும், நல்ல குரல் படைத்தவரின் குரல் நடுங்கும்போதும், கைத்தொழில் வல்லவரின் கை தளரும்போதும் நாம் கேட்கும் முதற்கேள்வி எது என்பதில் நம் அன்பின் தரம் வெளிப்பட்டுவிடும்.

இனி இவருக்கு எதிர்காலம் உண்டா என்ற தொடக்க வினாவுக்கு மாவோவின் வாழ்வு ஒரு விடை வைத்திருக்கிறது. பதக்கம் என்ற பொருளில் பார்த்தால் 2016 டிசம்பருக்குப் பின் அவருக்கு எதிர்காலம் இல்லை. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஆடுவதை அவர் விடவில்லை. தம் குழுவினரோடு ஊர் ஊராகச் சென்று ஆடினார். 2024 நவம்பரில், டோக்கியோவின் புறப்பகுதியான டாச்சிகாவாவில், அவர் பெயரைத் தாங்கிய பனித்தளம் ஒன்று திறக்கப்பட்டது. இளையோரைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

பனித்தளத்தில் முதன்முறை கால் வைக்கும் குழந்தைக்குத் தாவலையோ சுழற்சியையோ எவரும் தொடக்கத்தில் கற்பிப்பதில்லை. எப்படி விழுவது, விழுந்த இடத்தில் கையூன்றி, முழங்காலை மடக்கி எப்படி எழுந்து நிற்பது என்பதே முதற்பாடம். வாழ்நாளில் ஒரு பதக்கமும் பெறப்போகாத குழந்தைக்கும் அப்பாடம் முழுமையாகவே கற்பிக்கப்படுகிறது.